கிளைட்டம்னெஸ்ட்ராவாக நடிக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில் கிளைட்டம்னெஸ்ட்ரா வேடம் கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. ஒத்திகை தொடங்குமுன் ஒன்று சொல்கிறேன்: அவளை வெறிபிடித்தவளாக ஆடிவிடாதே.

அவள் கணவனைக் கொன்றவள்தான். ஆனால் அந்தக் கணவன், ட்ராய்க்குக் கப்பல் செல்லக் காற்று வேண்டி, ஔலிஸ் துறையில் மகள் இஃபிஜீனியாவைப் பலிகொடுத்தவன். கொலைக்குப் பின் ஊர்ப் பெரியவர்கள் அவளை நாடுகடத்த வேண்டும் என்கிறார்கள். மகளைக் கொன்றவனை அன்று ஏன் விரட்டவில்லை என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். நாடகத்தின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கத்தாமல், கணக்குக் கேட்பவளின் நிதானத்தோடு கேள்.

செந்நிற விரிப்புக் காட்சியிலும் அதே நிதானம் வேண்டும். அதன்மேல் நடக்கத் தயங்கும் அரசனை அவள் பேசியே நடக்க வைக்கிறாள். ட்ராயை வென்று வந்தவன் சொந்த வாசலில் மனைவியின் சொல்லுக்குத் தோற்கிறான். அவள் அதிகாரம் முழுவதும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

அவளைப் புனிதவதியாக்கவும் வேண்டாம். போர்க்கைதியாக வந்த கசாண்ட்ராவையும் அவளே கொல்கிறாள். நாதியற்ற இன்னொரு பெண்ணின் சாவுக்கும் நீ மேடையில் பொறுப்பேற்க வேண்டும்.

உன் பாத்திரம் இறந்தபின் நடப்பதையும் படி. இதன் தொடர்ச்சியாக வரும் 'யூமெனிடீஸ்' நாடகத்தில், தாயான அவளைக் கொன்ற மகன் ஒரெஸ்டஸ் ஏதென்ஸில் விசாரிக்கப்படுகிறான். தாய் விதையைக் காப்பவள் மட்டுமே, பெற்றவன் தந்தையே என்று வாதிடும் அப்பல்லோ, தாய் வயிற்றில் வளராத அதீனாவையே சாட்சியாகக் காட்டுகிறான். அதீனாவின் பிறப்பைப் பற்றிக் கவிஞர் ஹெசியட் சொல்லும் கதை வேறு. மனைவி கையாவின் தூண்டுதலால் யுரேனஸ் தன் மகன் குரோனஸிடம் வீழ்ந்தான். மனைவி ரியா மறைத்துக் காத்த மகன் ஜீயஸால் குரோனஸ் வீழ்ந்தான். தனக்கும் அந்தக் கதி நேருமென்று அஞ்சிய ஜீயஸ், அதீனாவைச் சுமந்த மனைவி மெட்டிஸையே விழுங்கிவிட்டான். நீதிமன்றத்தில் மெட்டிஸின் பெயரை யாரும் சொல்வதில்லை. அதீனா ஒரெஸ்டஸின் பக்கம் நிற்கிறாள். வாக்குகள் சமமாக, அவன் விடுதலையாகிறான்.

கி.மு. 458இல் இந்த நாடகங்கள் ஏதென்ஸில் அரங்கேறியபோது பெண் வேடங்களையும் முகமூடி அணிந்த ஆண்களே ஏற்றார்கள். இன்று அந்த வேடம் உன்னிடம் வந்திருக்கிறது. அவள் தரப்பு வாதத்தை ஒரு சொல் குறையாமல் அவையின் முன் வை. தீர்ப்பைப் பார்ப்பவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்,
உன் அக்கா