இன்க்ரிமென்ட் வந்தும் சம்பளம் குறையுமா?

சமயநல்லூரிலிருந்து இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐடி பார்க்குக்குப் போற டெவலப்பர் நண்பர்களே, இந்தக் கணக்கைப் பாருங்க.

சம்பளம் 25,000 ரூபாய். விலைவாசி 6% ஏறினா, அதே வாழ்க்கைக்கு 26,500 வேணும். 5% இன்க்ரிமென்ட்ல கிடைப்பது 26,250. மாசம் 250 ரூபாய் துண்டு விழுது!

மேனேஜர்கிட்ட வாடகை, இஎம்ஐ கதை வேண்டாம். அப்ரைசல் பட்ஜெட் முடிவாகும் முன்னாடியே வேலையைக் காட்டிக் கேளுங்க: "சார், பேமென்ட் மாட்யூலை நான் தனியா முடிச்சேன். 32,000 எதிர்பார்க்கிறேன்."

சிடிசியில் கம்பெனியோட பிஎஃப் பங்கும் சேர்ந்திருக்கலாம்; அதனால கைக்கு வர்ற தொகையைப் பேசுங்க.

"இப்ப முடியாது"ன்னா, "எப்போ, என்ன செஞ்சா முடியும்?"னு கேட்டு மெயில்ல வாங்கிக்கோங்க. அதுவும் நடக்கலையா? வெளியே இன்டர்வியூ போங்க. கையில ஆஃபர் லெட்டர் இல்லாம மட்டும் பேப்பர் போட்டுடாதீங்க.