தேக்காவிலிருந்து கடற்கரைக்கு ஒரு சைக்கிள் சுற்று

சைக்கிளில் ரொம்பவும் மூச்சு வாங்காமல் 25, 30 கி.மீ. போய்வர ஆசையா? லிட்டில் இந்தியாவிலிருந்து காலாங் ஆற்றோரம், தஞ்சோங் ரூ வழியாகக் கிழக்குக் கடற்கரைப் பூங்கா. மேடே இல்லாத பாதை, காலுக்கு நல்லது.

ஆனால் காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று. போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் தலைகீழ்; தெம்பு முழுவதையும் போகும்போதே செலவழித்துவிடாதீர்கள்.

பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கி.மீ.தான் உச்ச வேகம். சைக்கிளுக்கு அனுமதியுள்ள நடைபாதையில் 10. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். (பாதையிலும் போட்டுக்கொள்ளுங்கள், முடி கலைந்தால் கலையட்டும்.) ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் ஓட்டுவது வீண் வேலை, இறங்கித் தள்ளுங்கள்.

டயரை முந்தைய இரவே அழுத்திப் பாருங்கள். சூரியன் ஏழு மணிவாக்கில்தான் உதிக்கும். அதற்கு முன் கிளம்பினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மடக்கு சைக்கிள் என்றால் இன்னும் வசதி: களைத்துவிட்டால் மடக்கி எம்ஆர்டியில் ஏறிவிடலாம். விரித்தபடி ஏற்ற முடியாது. தண்ணீர் இரண்டு பாட்டில். தோசையைத் திரும்பி வந்து தேக்கா நிலையத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.