பக்கவாதத்திற்குப் பின் அன்றாட வாழ்வு: இணையவழித் தொழில்சார் சிகிச்சை

நமது நாட்டில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் பக்கவாதத்திற்கு உள்ளாகின்றனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் ஏற்படுகிறது. உயிர் பிழைத்தவர்களில் பலர், ஒரு கையும் காலும் வலுவிழந்த நிலையில், சில நாட்களிலேயே வீடு திரும்பிவிடுகின்றனர். மருந்துச் சீட்டு அவர்களிடம் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை எவ்வாறு பல் துலக்குவது, எவ்வாறு கழிப்பறைக்குச் செல்வது, எவ்வாறு சட்டை அணிவது என்பதைச் சொல்லித்தரப் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை. இழந்த திறனை மூளை மீண்டும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகுந்திருப்பது முதல் சில மாதங்களில்தான். அக்காலம் படுக்கையிலேயே கழிந்துவிடுகிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்க, நோயாளிகளோ நாடெங்கும் பரவியுள்ளனர். இந்த இடைவெளியை இணையத்தின் வழியே எந்த அளவுக்கு நிரப்ப இயலும் என்பதை இங்குக் காண்போம்.

தொழில் என்னும் சொல்லின் பொருள்

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்சார் சிகிச்சையை, வேலைவாய்ப்புக்கான பயிற்சி எனப் பலர் தவறாகக் கருதுகின்றனர். தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர் என்கையில் தொழில் என்பது செயலையே குறிக்கிறது. இங்கும் அப்பொருளே பொருந்தும். உண்ணல், உடுத்தல், சமைத்தல், கடைக்குச் செல்லல், கணக்கு எழுதுதல் என ஒருவரது நாளை நிரப்பும் செயல்கள் அனைத்தும் இதில் அடங்கும். இயன்முறைச் சிகிச்சை தசை வலிமை, நடை, அசைவு ஆகியவற்றில் முதன்மையாகக் கருத்தூன்றுகிறது. தொழில்சார் சிகிச்சையோ அந்த அசைவைக் கொண்டு ஒரு செயலை முடிப்பதில் கருத்தூன்றுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணையானவை.

இத்துறையில் இந்தியா பின்தங்கித் தொடங்கிய நாடு அன்று. 1950ஆம் ஆண்டிலேயே பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையாரின் முயற்சியால் தொழில்சார் சிகிச்சைப் பள்ளி தொடங்கப்பட்டது. 1952இல் உலகத் தொழில்சார் சிகிச்சையாளர் கூட்டமைப்பு உருவானபோது, அதன் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது.

அளவிடும் முறை

முன்னேற்றத்தை அளவிடாமல் சிகிச்சையைத் திட்டமிட இயலாது. இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவி, 1965இல் வெளியான பார்த்தெல் குறியீடு ஆகும். உண்ணல், குளித்தல், பல் துலக்கித் தலைவாருதல், உடுத்தல், மலக் கட்டுப்பாடு, சிறுநீர்க் கட்டுப்பாடு, கழிப்பறையைப் பயன்படுத்தல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் ஆகிய 10 செயல்களுக்கு மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை 0 முதல் 100 வரை அமையும். சான்றாக, தாமே உண்பவருக்கு 10, ஓரளவு உதவி வேண்டுபவருக்கு 5, முற்றிலும் பிறரைச் சார்ந்தவருக்கு 0 என வழங்கப்படும். நோயாளியிடமோ உடனிருப்பவரிடமோ வினவியே இதைக் கணக்கிடலாம் என்பதால், தொலைபேசி வழியாகவும் இது பயன்படுகிறது.

திரை வழியே ஓர் அமர்வு

இணையவழி அமர்வின் தனிச் சிறப்பு, சிகிச்சை நோயாளியின் வீட்டிலேயே நடைபெறுவதுதான். மருத்துவமனைக் கூடத்தில் உயரம் சீரான கட்டிலும் கைப்பிடி பொருத்திய கழிப்பறையும் உண்டு. வீட்டிலோ தரைப்பாய், உயர்ந்த வாசற்படி, வழுக்கும் குளியலறை, குந்தி அமரும் கழிப்பறை ஆகியவை உள்ளன. கைப்பேசியை ஏந்தியபடி வீட்டார் ஒருமுறை வீட்டைச் சுற்றிக் காட்டினாலே, மாற்ற வேண்டியவை எவை எனச் சிகிச்சையாளர் அறிந்துகொள்வார். நடுவில் துளையிட்ட நாற்காலி, குளிக்க ஓர் உறுதியான நாற்காலி, பிடித்து எழுவதற்குச் சுவரில் ஒரு கைப்பிடி ஆகிய எளிய ஏற்பாடுகளே பல விபத்துகளைத் தவிர்க்கும்.

உடை அணிவதில் ஓர் அடிப்படை விதி உண்டு: அணியும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும். இதனைத் திரையில் செய்து காட்டி, நோயாளியைச் செய்யச் சொல்லித் திருத்தலாம். உண்ணும் பயிற்சியில் தட்டு நகராதிருக்க அடியில் ஈரத்துணி விரிப்பதும், விளிம்பு உயர்ந்த தட்டைப் பயன்படுத்துவதும் உதவும். வலக்கை வலுவிழந்தவர் இடக்கையால் உண்ணக் கூச்சப்பட்டு, பிறர் ஊட்டுவதையே ஏற்பதுண்டு. இந்தக் கூச்சத்தைப் பற்றி அவரிடமும் வீட்டாரிடமும் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சிலருக்கு மூளைப் பாதிப்பின் விளைவாக உடலின் ஒரு பக்கமும் அப்பக்கத்துப் பொருள்களும் கவனத்திலேயே படுவதில்லை. பெரும்பாலும் இடப்பக்கமே இவ்வாறு விடுபடுகிறது. தட்டின் வலப்பாதியை மட்டும் உண்டுவிட்டுச் சோறு போதவில்லை என்பார். வீட்டார் இதனைப் பிடிவாதம் என எண்ணிவிடுவர். உணவு வேளையில் நடைபெறும் அமர்வில் சிகிச்சையாளர் இதனை நேரில் கண்டு விளக்கி, இடப்புறம் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பயிற்றுவிக்க இயலும்.

குடும்பத்தாரின் பங்கு

திரை சிகிச்சையாளரின் கண்ணையும் குரலையும் வீட்டிற்குள் கொண்டுவருகிறது; அவரது கையைக் கொண்டுவருவதில்லை. ஆகவே தாங்கிப் பிடிப்பது வீட்டாரின் கையாகவே இருத்தல் வேண்டும். நோயாளியை எழுப்பும்போது வலுவிழந்த கையைப் பற்றி இழுத்தால் தோள்மூட்டு விலகி நீங்கா வலி உண்டாகலாம் என்பது அவர்கள் முதலில் கற்க வேண்டியவற்றுள் ஒன்று.

இதனினும் நுட்பமான ஒரு தடையும் உண்டு. அது அன்பின் மிகுதியால் விளைவது. சமையலறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு, இனி ஓய்வெடுத்தால் போதும் எனக் கூறி எல்லாவற்றையும் பிறர் செய்துவிடுகின்றனர். ஊட்டுவதும் உடுத்துவதும் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் பயிற்சிக்குரிய வாய்ப்பைப் பறித்துவிடுகின்றன. பச்சைப் பட்டாணி உரித்தல், கீரை ஆய்தல், துணி மடித்தல் போன்ற பணிகளை அமர்ந்தபடியே அவர் செய்யத் தொடங்கினால் கையும் பழகும், வீட்டில் தமக்குரிய இடமும் மீளும். எங்கு உதவுவது, எங்குக் காத்திருப்பது என வீட்டாருக்குச் சொல்வதே இணையவழிச் சிகிச்சையாளரின் தலையாய பணி எனலாம்.

ஆய்வுகள் கூறுவன

2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 124 நோயாளிகள் 11 மையங்களின் வழியே பங்கேற்றனர். ஒவ்வொருவருக்கும் 70 நிமிட அமர்வுகள் 36 வழங்கப்பட்டன. வீட்டிலிருந்தே தொலைவழிப் பயிற்சி பெற்றோரின் கை இயக்கம், சிகிச்சை மையத்திற்கு வந்து பயின்றோருக்குக் குறையாத முன்னேற்றம் கண்டது. 22 சோதனைகளையும் 1,937 நோயாளிகளையும் உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, தொலைவழிப் பயிற்சி பெற்றவர்களுக்கும் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களுக்கும் இடையே அன்றாடச் செயல்களில் வேறுபாடு காணப்படவில்லை என்றது.

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2017இல் வெளியான அட்டெண்ட் ஆய்வு நாம் குறிப்பாக உணர வேண்டியது. இதில் குடும்பத்தினருக்கு மருத்துவமனையிலும், பின்னர்ச் சில வீட்டு வருகைகளிலும் பயிற்சி அளித்து, மறுவாழ்வுப் பணி அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் மரணம் அல்லது பிறரைச் சார்ந்திருத்தல் என்னும் அளவுகோலில், இரு பிரிவினருமே 47 சதவீதமாக இருந்தனர். கூடுதல் பயன் கிட்டவில்லை. குடும்பத்தாரைப் பயிற்றுவித்து அவர்களிடமே விட்டுவிடுதல் சிகிச்சையாளருக்கு மாற்றாகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க எச்சரிக்கை. இணையவழி முறையையும் செலவு குறைந்த மாற்று எனக் கருதிச் சில காணொளிகளை அனுப்புவதோடு நிறுத்தினால், அதே விளைவு நேரக்கூடும்.

வரம்புகள்

விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவருக்கு, நேரில் பரிசோதிக்காமல் திரைவழியே உண்ணும் பயிற்சி அளித்தல் ஆகாது. உணவு மூச்சுக்குழலில் புகும் ஆபத்து உண்டு. நிற்கும்போது தள்ளாடுபவருக்கு அருகில் வலுவான ஒருவர் இன்றி நின்று செய்யும் பயிற்சி கூடாது. குளியல், கழிப்பறைப் பயிற்சிகளை உடையணிந்தவாறே ஒத்திகையாகச் செய்வித்தல் நோயாளியின் மானத்தைக் காக்கும். அமர்வின்போது புதிதாக முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றின் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்திற்குள் அளிக்கப்பட வேண்டியது.

நடைமுறை இடர்களும் உள. வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி, வேலைக்குச் செல்லும் மகனிடம் இருக்கும். பேச்சிழந்தவரும் பார்வைப் புலம் குறைந்தவரும் சிறு திரையைப் பின்பற்ற இயலாது. மாலை நேர அமர்வுகள், தேவைப்படும் இடத்தில் நேரில் வருகை ஆகியவற்றால் இவற்றை ஓரளவு ஈடுசெய்யலாம்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

சட்ட அடிப்படை ஓரளவு அமைந்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மறுவாழ்வுச் சேவைகளை அரசின் கடமையாக வகுத்துள்ளது. 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் தொழில்சார் சிகிச்சையாளர்களையும் தன் வரம்பில் கொண்டது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கானவை. எனினும் ஒப்புதல் பெறல், இரகசியம் காத்தல், பதிவேடு பேணல் ஆகிய அவற்றின் கோட்பாடுகள் சிகிச்சையாளருக்கும் ஏற்றவையே.

2019இல் தொடங்கப்பட்ட இ-சஞ்சீவனி சேவை, கிராமச் சுகாதார நிலையத்தைத் தொலைவிலுள்ள மருத்துவரோடு இணைக்கும் முறையை நாட்டிற்குப் பழக்கியுள்ளது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றுள்ளது. இவ்விரு வழிகளையும் ஒன்றிணைத்தல் பயன்தரும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளிலேயே பார்த்தெல் மதிப்பெண்ணைக் குறித்து, முதல் இணையவழி அமர்வின் நாளையும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். வீட்டிற்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர் முதல் அமர்வுகளில் உடனிருந்து, சிகிச்சையாளருக்குக் கையாக உதவலாம். மாவட்டந்தோறும் மூன்றாம் மாத, ஆறாம் மாத மதிப்பெண்களைத் தொகுத்தால், நடைபெற்ற அமர்வுகளின் எண்ணிக்கையோடு, தாமே உண்ணவும் உடுத்தவும் கற்றவர்களின் எண்ணிக்கையும் தெரியவரும். இத்திட்டத்தின் வெற்றியை மதிப்பிட வேண்டியது பின்னதைக் கொண்டே.