பழுதான பிக்கப் வண்டியை விற்கும்போது கவனிக்க வேண்டியவை

பத்துப் பதினைந்து ஆண்டுகள் காய்கறியும் உரமூட்டையும் சுமந்த பிக்கப் வண்டி, வீட்டில் ஒருவர் போலவே ஆகிவிடுகிறது. அதை விற்கும்போது விவசாயிகள் பலர் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர். ஒன்று, வண்டியின் மீதுள்ள ஆசையால் அதிக விலை எதிர்பார்ப்பது. மற்றொன்று, பணம் கைக்கு வந்ததும் ஆர்.சி. புத்தகத்தை மறந்துவிடுவது. முதல் தவறினால் விற்பனை தாமதப்படும். இரண்டாவது தவறினால் நிலத்தை விற்றுக் கடன் கட்டும் நிலைகூட வரலாம்.

பழுதை அறிதல்

முதலில் வண்டியைக் கழுவி, பின் பாடியின் அடித்தகட்டையும் சேஸிஸையும் பார்க்க வேண்டும். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு உப்பு, ஈரத்துடன் சேர்ந்தால் இரும்பை விரைவில் அரிக்கும். எஞ்சினை ஓட்டும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்றும், கரும்புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்றும் பொருள்.

விளக்கு, ஹாரன், வைப்பர் போன்ற சிறு பழுதுகளைச் சரிசெய்துவிடலாம். டிங்கரிங், பெயிண்ட் வேலைகளுக்குப் பெருந்தொகை செலவிட்டால் அது விலையில் முழுமையாகத் திரும்பி வராது. துருவின் மேல் பெயிண்ட் பூசி மறைப்பதும் கூடாது. பழுதை மறைக்காமல் சொல்லி, எழுத்திலும் குறித்துவிட்டால் பிற்பாடு தகராறு எழாது.

விலை நிர்ணயம்

அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள வண்டியின் விலையை விசாரித்து, இரண்டு மெக்கானிக்குகள் சொல்லும் பழுதுச் செலவை அதில் கழிக்க வேண்டும். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. தேவை. அது காலாவதியாகியிருந்தால் அச்செலவையும் கழிக்க வேண்டும். பழைய இரும்பு விலையே கடைசி வரம்பு.

பெயர் மாற்றம்

செங்கற்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர், சென்னை ஆழ்வார்பேட்டையில் கடை நடத்துபவருக்கு வண்டியை விற்பதாக வைத்துக்கொள்வோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29இல் தகவல் தரவேண்டும். தம் பகுதிக்கும் வாங்கியவர் பகுதிக்கும் உரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இரண்டுக்கும் இது போகவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இருவரும் கையெழுத்திடும் பெயர் மாற்ற விண்ணப்பம் படிவம் 30 ஆகும். வண்டி மீது வங்கிக் கடன் இருந்திருந்தால் படிவம் 35 மூலம் அப்பதிவை நீக்குவது அவசியம்.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு ஒரு வழக்கு சான்று. 2007இல் ஒருவர் தம் காரை விற்றார். கார் பல கை மாறியும் பெயர் மாறவில்லை. 2009இல் அது மோதி ஒரு சிறுவன் இறந்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

ஆகவே, நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டு யாரிடமும் தரக்கூடாது. ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர், பழுதுகள் ஆகியவற்றை எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் முகவரிச் சான்றின் நகலையும் பெறவேண்டும். படிவம் 29 கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பெயர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைத்துக்கொள்வதாக வாங்குபவர் கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. வேலை விரைவில் முடிய அதுவும் உதவும்.

ஓடாத வண்டி

ஓட்டவே லாயக்கில்லாத வண்டியைப் பாகம் பிரிக்க விற்பதானாலும் பதிவை ரத்து செய்தாக வேண்டும். இதையும் 14 நாட்களுக்குள் தெரிவிப்பது சட்டம். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும். அதைக் காட்டி, புது வண்டி வாங்கும்போது பதிவுக் கட்டணத்திலிருந்து விலக்குப் பெறலாம்.

சந்தையில் மாட்டை விற்றால் கயிறு கை மாறுவதோடு வியாபாரம் முடிந்துவிடும். வண்டி வியாபாரமோ, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்போதுதான் முடிகிறது.