ஐ.ஐ.டி. பாடம் நம்ம வீட்டு போனில்! – சேரும் முன் பத்து யோசனைகள்



சென்னையில் 1959-ல் தொடங்கிய ஐ.ஐ.டி. நம்ம திருப்பாலைவனத்திலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் அதன் வாசலைக்கூடப் பார்க்காதவங்கதான் நம்மில் அதிகம். அங்கே பாடம் எடுக்கும் பேராசிரியர்களின் வகுப்பை நம்ம குப்பத்து வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம், அதுவும் இலவசமாக என்று சொன்னால் நம்புவீங்களா? நம்பலாம். எங்க அக்கா படிச்சாங்க. முதல் தடவை படிச்சும் கையில் ஒண்ணும் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. இரண்டு தடவைக்கும் நடுவில் அக்கா கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கேன்.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தங்கள் பாடங்களை எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கிய திட்டத்தின் பெயர் என்.பி.டி.இ.எல். மத்திய அரசு நிதியோடு 2003-ல் வேலை தொடங்கியது.

★ 2014-லிருந்து தேர்வு வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள்.

★ 2017 ஜூலை 9 அன்று 'ஸ்வயம்' என்ற தேசியக் கல்வித் தளம் தொடங்கப்பட்டது. என்.பி.டி.இ.எல். பாடங்களும் அதில் உண்டு.

அக்கா கதை

அக்கா பொன்னேரிக்கு பஸ்ஸில் போய் டிகிரி படிக்கிறாங்க. ஜூலையில் ஒரு 12 வாரப் பாடத்தில் சேர்ந்தாங்க. நைனா ஏரிக்குப் போகாத நேரம்தான் போன் கிடைக்கும். அப்படியும் ஒரு வாரம் விடாமல் வீடியோ பார்த்து, நோட்டில் எழுதி, வாராவாரம் கேள்விகளுக்குப் பதில் அனுப்பினாங்க. அக்டோபரில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் ஹால் டிக்கெட் எடுக்கிறாங்க. அக்காவுக்கு மட்டும் வரவில்லை!

விசாரித்துப் பார்த்தால்..... பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுப் பதிவுக்கான கடைசித் தேதி எப்பவோ முடிந்துவிட்டது. நினைவுபடுத்தி வந்த மெயில்கள் எல்லாம் திறக்காமலேயே கிடந்தன. "மூணு மாசம் கண்ணு எரிய எரியப் படிச்சியேடி....." என்று அம்மாதான் ரொம்ப வருத்தப்பட்டாங்க. அக்கா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அக்காவுக்குப் படிப்பு வராமல் இல்லை. பாடம் புரிந்தது. முறை தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த முறைகள் இதோ:

1. சொந்த மெயில் வேண்டும்

பிரவுசிங் சென்டர் அண்ணன் போட்டுக் கொடுத்த மெயில், மாமா பையனோட மெயில் எல்லாம் வேண்டாம். உங்கள் பெயரில் ஒன்று தொடங்குங்கள். கடவுச்சொல்லை வீட்டில் பத்திரமான ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த மெயிலில் பாடத்தில் சேர்ந்தோமோ அதே மெயிலில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த மெயிலைத் திறந்து பாருங்கள். அறிவிப்பு எல்லாம் அதில்தான் வரும்.

2. பெயரும் இனிஷியலும்

நமக்கு இனிஷியல்தான் பெரிய பிரச்சினை. ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருக்கும். தேர்வு விண்ணப்பத்தில் நாம் அடிக்கிற பெயர்தான் சான்றிதழில் வரும். அவசரத்தில் செல்லப் பெயரைப் போட்டுவிட்டு அப்புறம் அலையக் கூடாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள்.

3. எத்தனை வாரம் என்று பாருங்கள்

பாடங்கள் 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று இருக்கும். 4 வாரம் என்றால் சுமார் 10 மணி நேர வீடியோ, 8 என்றால் 20, 12 என்றால் 30. அதாவது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பார்க்க மட்டுமே வேண்டும். எழுதிப் பழக இன்னும் அவ்வளவு நேரம் ஆகும். முதல் தடவை சேருபவர்கள் 4 வாரப் பாடத்தில் தொடங்குவது நல்லது. எடுத்தவுடனே ஒன்பது பாடத்தில் சேர்ந்து ஒன்றையும் முடிக்காதவர்கள் நிறைய! சேரும் முன் அறிமுக வீடியோவைப் பாருங்கள். 'முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை' என்று ஒரு பகுதி இருக்கும். அதையும் கட்டாயம் படியுங்கள்.

4. தேர்வுக்குத் தனிப் பதிவு! (இதைக் கட்டம் கட்டிப் படிக்கவும்)

படிக்கக் கட்டணம் கிடையாது. சான்றிதழ் வேண்டும் என்றால் தேர்வு எழுத வேண்டும். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. பாடம் நடந்துகொண்டு இருக்கும்போதே அந்தத் தேதி முடிந்துவிடும். அக்கா வழுக்கியது இங்கேதான். பாடப் பக்கத்தில் நான்கு தேதிகள் இருக்கும்: சேரக் கடைசி நாள், தேர்வுப் பதிவு தொடங்கும் நாள், முடியும் நாள், தேர்வு நாள். சேர்ந்த அன்றைக்கே நான்கையும் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் அந்தந்தத் தாளில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள். தாள் கிழிக்கும்போது கண்ணில் படாமல் போகாது.

5. புதன்கிழமை ராத்திரியை நம்பாதீர்கள்

வாராவாரம் கேள்வித்தாள் ஒன்று வரும். அதை அனுப்பக் கடைசி நேரம் பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. அன்று ராத்திரி நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதைத்தான் திருத்துவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்த வரைக்கும் போட்டு ஒரு முறை அனுப்பிவிடுங்கள். சந்தேகமானதைத் திங்கள், செவ்வாயில் படித்துத் திருத்தி மறுபடி அனுப்பலாம்.

6. மழைக்காலக் கணக்கு

ஜூலையில் தொடங்கும் 12 வாரப் பாடத்தின் கடைசி வாரங்கள் புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும் நேரத்தில் வரும். நம்ம பக்கம் அப்போ மழை, காத்து, கரண்ட் கட் எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் பயப்பட வேண்டாம். 12 வாரத்தில் நல்ல மார்க் வாங்கிய 8 வாரத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். 8 வாரப் பாடத்தில் 6, 4 வாரப் பாடத்தில் 3. ஆகவே வெயில் இருக்கும்போதே முதல் எட்டு வாரத்தை நன்றாக முடித்துவிட்டால் மழையில் ஒன்றிரண்டு போனாலும் நஷ்டம் இல்லை. கருவாடு காயப் போடுகிறவங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

7. டேட்டாவை மிச்சம் பிடிக்க

ஒரு நாள் டேட்டா முழுவதும் இரண்டு வீடியோவில் தீர்ந்துவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சில வழிகள்:

(அ) வீடியோவின் தரத்தைக் குறைத்து வையுங்கள். கரும்பலகை எழுத்து தெரிந்தால் போதும்.

(ஆ) சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள்.

(இ) பேராசிரியர் பேசியது முழுவதும் எழுத்து வடிவில் கிடைக்கும். அதை இறக்க டேட்டா கொஞ்சம்தான். பல பாடங்களுக்குத் தமிழிலும் உண்டு. ஆங்கிலம் வேகமாக இருக்கிறதே என்று தயங்குபவர்கள், முதலில் தமிழில் படித்துவிட்டு அப்புறம் வீடியோ பார்த்தால் பாதிக்கு மேல் புரியும்.

(ஈ) வேகத்தைக் குறைக்கவும் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொடுவதில் வெட்கம் எதற்கு?

8. போனுக்கும் ஒரு 'பாடு'

எங்கள் வீட்டில் ஒரே போன். நைனாவுக்கு வியாபாரியிடம் விலை கேட்க வேண்டும், காத்து எப்படி என்று பார்க்க வேண்டும். தம்பிக்கு கேம். எனக்கு ஸ்கூல் குரூப். அக்காவுக்குப் பாடம். தினமும் சண்டைதான். ஒரு நாள் நைனா சொன்னார்: "ஏரியில வலை போடுறதுக்கே பாடு வெச்சு, முறை பார்த்துப் போறோம். ஊட்டுல ஒரு போனுக்கு முறை வெக்க முடியாதா உங்களால?"

பழவேற்காடு ஏரியில் சுத்து வலைக்குப் பாடு விடுவது நமக்குத் தெரிந்ததுதானே. யார் எந்த நாள், எந்த இடம் என்று முன்னாடியே முடிவாகிவிடும். அதே மாதிரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் அம்மா 'போன் பாடு' எழுதினாங்க. அக்காவுக்கு விடியற்காலை 5 முதல் 6.30 வரை, ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். அடுத்தவர் பாட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. தம்பிகூட (அழுதுகொண்டே) ஒத்துக்கொண்டான். போன் இல்லாத நேரத்துக்கு அக்கா நோட்டில் குறிப்பு எழுதி வைத்துக்கொள்வாங்க. படிப்பில் பாதி அந்த நோட்டில்தான் நடந்தது.

9. பதிலைக் காப்பி அடித்தால்.....

வாரக் கேள்விக்குப் பதில் யாராவது அனுப்பிவைப்பார்கள். பார்த்துப் போட்டால் மார்க் வரும். ஆனால் கீழே உள்ள கணக்கைப் பாருங்கள்.

| | மொத்தம் | குறைந்தது வேண்டும் |
|---|---|---|
| வாரக் கேள்விகள் | 25 | 10 |
| நேரடித் தேர்வு | 75 | 30 |

இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். காப்பி அடித்து 25-க்கு 25 வாங்கினாலும் தேர்வில் 29 என்றால் சான்றிதழ் இல்லை. அதேபோல தேர்வில் 70 வாங்கியும் வாரக் கேள்வியில் 9 என்றாலும் இல்லை. மொத்தம் 60 தாண்டினால் 'எலைட்', 75 தாண்டினால் வெள்ளி, 90 தாண்டினால் தங்கம் என்று சான்றிதழிலேயே குறிப்பிடுவார்கள். புரியாத இடத்தைப் பாடப் பக்கத்திலேயே கேள்வியாகக் கேட்கலாம். 'தப்பா கேட்டுட்டா சிரிப்பாங்களோ' என்று நினைக்காதீர்கள். சிரிக்க மாட்டார்கள், பதில் சொல்வார்கள்.

10. தேர்வு நாள்

தேர்வை வீட்டு போனில் எழுத முடியாது. தேர்வு மையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், 3 மணி நேரம். காலைப் பிரிவு 9 மணிக்கு, மதியப் பிரிவு 2 மணிக்கு. விண்ணப்பத்தில் ஊரை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காலைப் பிரிவு என்றால் முதல் பஸ்ஸை நம்பக் கூடாது. முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குவது நல்லது. ஹால் டிக்கெட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை அசலாக இருக்க வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. முதல் முறை மவுஸ் பிடிப்பவர்கள் நம்ம பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் டீச்சர் அனுமதியோடு பத்து நாள் பழகிக்கொள்ளுங்கள்.

இதனால் என்ன லாபம்?

சான்றிதழை வீட்டில் மாட்டி வைக்க மட்டும் அல்ல. கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டால் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் கணக்கில் சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதி செய்தது. ஆனால் சேரும் முன்பே உங்கள் துறைத் தலைவரிடம் "இந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிட வேண்டும். முடித்த பின் கேட்பது ஆபத்து.

'நாம இன்னும் ஸ்கூல்தானே' என்று நினைக்கிறீர்களா? ஸ்வயத்தில் 9 முதல் 12-ஆம் வகுப்புக்கான பாடங்களும் உண்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ நண்பர்கள் இந்த விடுமுறையிலேயே ஒன்றில் சேர்ந்து பழகிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: என்.பி.டி.இ.எல். அல்லாத ஸ்வயம் பாடங்களுக்கு மதிப்பெண் கணக்கும் தேர்வு முறையும் வேறு. அந்தந்தப் பாடப் பக்கத்தில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக.....

அக்கா ஜனவரியில் அதே பாடத்தில் மறுபடியும் சேர்ந்தாங்க. முதல் நாளே காலண்டரில் நான்கு சிவப்புக் குறி. பதிவு தொடங்கிய அன்றைக்கே தேர்வுக் கட்டணம் கட்டியாச்சு. அதற்கு அம்மா மீன் விற்ற காசிலிருந்து கொடுத்தாங்க. மொத்தம் 63 மார்க். தங்கம் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆனால் சான்றிதழில் அக்கா பெயர், நைனாவின் இனிஷியலோடு, ஒரு எழுத்தும் பிசகாமல் இருந்தது. நைனாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. அந்த இனிஷியலை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

நண்பர்களே, முதல் தடவையும் இரண்டாம் தடவையும் படித்தது அதே அக்காதான். மாறியது காலண்டரும் மெயிலும் போன் பாடும் மட்டும்தான். நீங்களும் சேருங்கள். சந்தேகம் இருந்தால் பிளஸ் டூ வகுப்பில் என்னைத் தேடி வாருங்கள். எனக்குத் தெரியாததை அக்காவிடம் கேட்டு மறுநாள் சொல்கிறேன்.



– பிளஸ் டூ மாணவி