ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பேன்ட்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேளச்சேரியிலிருந்து பெருங்குடி அலுவலகத்துக்கு ஐந்து கிலோமீட்டர், கத்திரி வெயில், இதற்குப் போய் ரைடிங் பேன்ட் வேண்டுமா, ஜீன்ஸ் போதாதா என்று கேட்டிருக்கிறாய். ஹெல்மெட், கையுறை, ஷூ பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை உறுத்தியது கேள்வியின் கடைசி வரிதான்: "ஐந்து கிலோமீட்டர்தானே சார்?" ஆபத்தைக் கிலோமீட்டரில் அளக்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நிச்சயமாக நான் இல்லை.

விழுவதில் இரண்டு கணக்கு இருக்கிறது. முதலாவது, மேலிருந்து கீழே. சீட் உயரம் 80 சென்டிமீட்டர் என்று வை. அங்கிருந்து விழுகிற உடல் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். வண்டி ஓடினாலும் சரி, சிக்னலில் நின்றபடியே சாய்ந்தாலும் சரி, இந்த எண் மாறாது. அடி வாங்குவது பெரும்பாலும் முழங்காலும் இடுப்பெலும்பும். இரண்டாவது, சாலையோடு தேய்ந்துகொண்டு போவது. நீ 40-இல் போகிறாய்; அதாவது நொடிக்கு 11 மீட்டர். உராய்வுக் குணகம் 0.6 என்று எடுத்தால், உடல் நிற்பதற்குள் பத்து மீட்டர் தேய்ந்திருக்கும். ஏறத்தாழ இரண்டு நொடி. நீயே போட்டுப் பார். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்தாய் என்பதற்கு இந்த இரண்டு கணக்கிலும் இடமே இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். புத்தகம் என்றேனே தவிர, உண்மையில் அது ஓர் ஆய்வறிக்கை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தன் குழுவோடு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1981-இல் வெளியிட்டது. மற்றவர்கள் துப்பறியும் நாவல் படிப்பதுபோல நான் அதைப் படிப்பேன். அதில் இரண்டு விஷயம் உனக்கு வேண்டும். ஒன்று, பெரும்பாலான விபத்துகள் கடைக்குப் போவது, நண்பரைப் பார்ப்பது போன்ற குறுகிய ஓட்டங்களில், கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே நடந்தவை. இரண்டு, விபத்து உருவாவதற்கு முன் இருந்த வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 48 கிலோமீட்டர், மோதும்போது 35. லாஸ் ஏஞ்சலஸ் வேறு, சென்னை வேறு என்பாய். ஒப்புக்கொள்கிறேன். அங்கே மெட்ரோ வேலைக்காகச் சாலையில் இரும்புத் தகடு போட்டிருக்கவில்லை, ராங் சைடில் ஷேர் ஆட்டோவும் வந்திருக்காது.

இனி உன் ஜீன்ஸ். பஞ்சு இழையின் நீளம் மூன்று சென்டிமீட்டர் பக்கம்தான் என்பது உனக்குத் தெரியும். நூலை நூலாகப் பிடித்து வைத்திருப்பது முறுக்கு மட்டுமே. சாலை முதலில் அந்த முறுக்கைத்தான் பிரிக்கும். அப்புறம் இழைகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போகும். நைலானையும், கெவ்லார் போன்ற அராமிடையும் முடிவில்லாத இழையாகவே செய்ய முடியும்; அதை அப்படி எளிதில் உருவ முடியாது. கேம்பிரிட்ஜ் உராய்வு இயந்திரம் என்று ஒன்று உண்டு. ஓடுகிற உப்புத்தாள் பட்டையில் துணியை அழுத்தி, ஓட்டை விழ எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். சாதாரண டெனிம் அதில் ஒரு நொடியைத் தாண்டினாலே பெரிய விஷயம். இயந்திரத்தின் நொடியும் சாலையின் நொடியும் ஒன்றல்ல. ஆனால் எந்தத் துணி முந்தும், எது பிந்தும் என்ற வரிசை அதில் தெளிவாகத் தெரிந்துவிடும்.

கடைக்குப் போனால் உன்னை முதலில் ஏமாற்றப்போவது 'சிஇ' என்ற இரண்டெழுத்து ஐரோப்பிய முத்திரை. "சிஇ சர்ட்டிஃபைடு மேடம்" என்பார்கள். எது சர்ட்டிஃபைடு என்று கேள். பெரும்பாலும் முழங்காலில் செருகியிருக்கும், அடி தாங்கும் ஆர்மருக்கு மட்டும் அந்த முத்திரை இருக்கும். அதற்கான தரம் இஎன் 1621-1. பேன்டுக்கான தரம் வேறு, இஎன் 17092. அது பேன்டின் உள்ளே தைத்திருக்கும் லேபிளில் இருக்க வேண்டும், கூடவே ஒரு வகுப்பும்: டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி. இதில் பி வகுப்புக்கு ஏ வகுப்பின் உராய்வுத் தாங்கல் உண்டு, ஆர்மர் கிடையாது. முதல் கணக்கை நினைவில் வைத்திருந்தால் பி உனக்கு ஏன் ஆகாது என்று நான் விளக்க வேண்டாம். லேபிளே இல்லாத பேன்டில் "கெவ்லார் கலந்தது" என்று அட்டை தொங்கினால் அட்டையைப் படித்துவிட்டு, பேன்டை அங்கேயே வைத்துவிடு. எவ்வளவு கலந்தது, எங்கே கலந்தது என்று சொல்லாத கலப்பு விளம்பரத்துக்கு மட்டுமே ஆகும்.

எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் தையல் என்பேன். ஆயுள் முழுக்கச் சொல்லிவந்தது இது. என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். லிஸ் டி ரோமும் அவர் சகாக்களும் கான்பெராவில் விபத்துக்குள்ளான 212 பேரின் உடைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையைப் பார். ரைடிங் பேன்ட் அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அதே கட்டுரையில், விபத்தில் சிக்கிய ரைடிங் பேன்டுகளில் நூற்றுக்கு 28 கிழிந்தோ பிரிந்தோ தேய்ந்தோ தோற்றிருந்தன. சாதாரண ஜீன்ஸ் இல்லை, இதற்கென்றே விற்ற பேன்டுகள்! உலகத்திலேயே உறுதியான துணியை எடுத்து மட்டமான நூலால் தைத்தால், விழுந்த வேகத்தில் துணி இரண்டு துண்டாகத் திறந்துகொள்ளும். துணி முழுசாக இருக்கும், கால் இருக்காது.

கடையில் இதைச் செய். பேன்டை உள்பக்கம் திருப்பு. இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கும் வெளிப்பக்கத் தையலைத் தேடு. தையலின் இரு பக்கமும் கட்டைவிரலை வைத்து எதிரெதிராக இழு. நூல் பல்வரிசைபோல் தெரிந்து நடுவில் வெளிச்சம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு வரிசைகளை எண்ணு. வெளியே தெரியும் தையல்தான் சாலையில் முதலில் தேயும். எனவே துணி மடிப்புக்குள் மறைந்த இன்னொரு வரிசையாவது இருக்க வேண்டும்; வெளி வரிசை போனாலும் உள் வரிசை பிடிக்கும். இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். விற்பனைப் பையன் ஒருமாதிரி பார்ப்பான். பார்க்கட்டும்.

இப்போது வெயில். காற்று தோலைவிடச் சூடாக, அதாவது 35 டிகிரிக்கு மேல் போனால் வீசுகிற காற்று உன்னைக் குளிர்விக்காது, சூடேற்றும். குளிர்விப்பது வியர்வை மட்டுமே. ஒரு கிராம் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போகும். வேலூரில் வியர்வை சட்டென்று காயும். சென்னையில் கடல் ஈரம் அதைக் காயவிடாது. காற்று நகர்ந்துகொண்டே இருந்தால்தான் உண்டு. ஆகவே மெஷ் வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் மெஷ் வேலை செய்வது ஓடும்போது. உன் ஐந்து கிலோமீட்டரில் பாதி நேரம் சிக்னலிலும் யூ டர்னிலும் நிற்கிறாய். நின்றால் அராமிட் உள்துணி வைத்த இரண்டு அடுக்கு ஜீன்ஸ் இட்லிப் பானைதான். குறுகிய ஓட்டத்துக்கு மெஷ்ஷைவிட முக்கியம் அடுக்குகளின் எண்ணிக்கை. ஒரே அடுக்கு, மெல்லிய துணி, கெண்டைக்காலில் கொஞ்சம் தளர்வு, மழைக்கான உள்துணி இருந்தால் அது கழற்றக்கூடியது. தொடையின் முன்பக்கம் மெஷ் இருக்கட்டும். முழங்காலிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் கெட்டித் துணிதான் வேண்டும். அலுவலகத்தில் ஜீன்ஸ்போலவே தெரிய வேண்டுமென்றால் மிக உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் இழை கலந்து நெய்த ஒற்றை அடுக்கு ஜீன்ஸ் கிடைக்கிறது. அந்த இழை வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் தொட்டால் குளிர்ச்சி. ஆனால் ஏறத்தாழ 150 டிகிரியிலேயே உருகிவிடும், சைலன்சரிடம் கவனம். அராமிட் உருகாது.

ஆர்மரிலும் வெயிலுக்கென்று ஒரு குறி உண்டு. மென்மையான நவீன ஆர்மர்கள் சூட்டில் இளகி, அடியை உள்ளே விட்டுவிடக்கூடும். 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியதற்கு 'டி பிளஸ்' என்று அச்சிட்டிருப்பார்கள். நம் ஊருக்கு அது இல்லாத ஆர்மர் வேண்டாம். லெவல் 2 என்றால் 50 ஜூல் அடியில் சராசரியாக 20 கிலோநியூட்டனுக்கு மேல் உள்ளே விடாது. லெவல் 1-க்கு 35 வரை அனுமதி. இடுப்பில் பை மட்டும் தைத்து ஆர்மர் வைக்காமல் விற்பார்கள், அல்லது வெறும் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். ஆர்மரைத் தனியாக வாங்கிப் போடு. ஆண்களுக்கு வெட்டிய பேன்டைப் பெண்களுக்கும் தள்ளிவிடுவது நம் கடைகளின் கெட்ட பழக்கம். நின்று கண்ணாடி பார்க்காதே, வண்டியில் உட்கார்ந்து பார். உட்காரும்போது ஆர்மர் முழங்கால் சில்லையும் அதற்குக் கீழே கொஞ்சம் கீழ்க்கால் எலும்பையும் மூட வேண்டும். கையால் திருகும்போது பக்கவாட்டில் ஓடினால் அது உன் அளவு இல்லை.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018-இல் தொடங்கிய மோட்டோகேப் திட்டம் எனக்குப் பிடிக்கும். கடையில் விற்கிற உடைகளை வாங்கிச் சோதித்து, பாதுகாப்புக்கு ஒரு மதிப்பெண், வெயிலில் அணியும் வசதிக்கு வேறொரு மதிப்பெண் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். இரண்டையும் பார்க்கப் பழகு. உனக்கு என் முடிவு இது: டபுள் ஏ, ஒற்றை அடுக்கு, முழங்காலிலும் இடுப்பிலும் ஆர்மர். அதையும் மே மாதத்தில் போடமாட்டாய் என்று உனக்கே தோன்றினால் ஏ வகுப்புக்கு இறங்கு. அதற்குக் கீழே இறங்காதே. டிரிபிள் ஏ வாங்கினால் ஒரு வாரம் போடுவாய், பிறகு அது ஆணியில் தொங்கும்.

வாங்கிய பிறகு மொட்டை மாடி வெயிலில் காயப்போடாதே. புற ஊதாக் கதிர் அராமிடையும் நைலானையும் மெல்ல மெல்ல அரிக்கும். ஆர்மரைக் கழற்றிவிட்டுத் துவைத்து, நிழலில் உலர்த்து. வியர்வை உப்பு தையலில் தங்காமல் அடிக்கடி அலசு.

எந்த பேன்ட் வாங்கலாம் என்று முடிவானதும், காசு கொடுப்பதற்கு முன் உள் லேபிளையும் வெளிப்பக்கத் தையலையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நிறமும் பிராண்டும் வேண்டாம், அதில் எனக்கு ஆர்வமில்லை.

அன்புடன்,
உன் வாத்தியார்