கூற்றும் எச்சமும்: புதுமைப்பித்தன் சிறுகதைகளில் கதைசொல்லியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

கரு, கதைப்பின்னல், பாத்திரம், பின்னணி, நடை, நோக்குநிலை என்பன புனைகதையின் அடிப்படைக் கூறுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றைத் தனித்தனித் தலைப்புகளில் தொகுத்துரைப்பது தமிழ்ப் புனைகதை ஆய்வுகளில் பெருவழக்காக உள்ளது. இக்கூறுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையும், அவற்றின் இயைபைத் தீர்மானிப்பது கதைசொல்லியின் இடமே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் சுட்டும் கூற்று, கேட்போர், முன்னம், எச்சம் ஆகிய உறுப்புகளின் துணையுடன் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்', 'செல்லம்மாள்', 'காஞ்சனை' ஆகிய மூன்று சிறுகதைகள் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கதைசொல்லி, கூற்று, கேட்போர், முன்னம், எச்சம், நோக்குநிலை, புதுமைப்பித்தன்.

முன்னுரை

சிறுகதை ஆய்வேடுகள் பலவற்றில் ஓர் இயல் பாத்திரப் படைப்பையும், மற்றோர் இயல் நடையையும், பிறிதோர் இயல் உத்திகளையும் விளக்குவதைக் காணலாம். நோக்குநிலை பெரும்பாலும் உத்திகளுள் ஒன்றாக எண்ணப்பட்டு, தன்மைக் கூற்று, படர்க்கைக் கூற்று என்ற பகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒரு கதை தன்மையில் அமைந்துள்ளது என்று கூறுவதால் அக்கதையைப் பற்றி நாம் அறிவது மிகச் சிறிதே. அவ்வமைப்பால் எது சொல்லப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்று வினவும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

இவ்வினா எழுப்பப்படாததால் நேரும் பெரும் பிழை, கதைசொல்லியின் குரலை ஆசிரியரின் குரலாகவே கொள்வதாகும். புதுமைப்பித்தன் (1906-1948) இப்பிழைக்கு எளிதில் இலக்காகும் படைப்பாளி. அவர் கதைகளில் எள்ளல் மிக்க குரல் ஒன்று அடிக்கடி ஒலிக்கிறது. அக்குரலிலிருந்து நேரடியாக ஆசிரியரின் கொள்கையை வருவிப்பது கதையின் பொருளைக் குறுக்கிவிடுகிறது.

தொல்காப்பியம் தரும் கருவிகள்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளாக முப்பத்து நான்கினைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம், எச்சம் ஆகியன எடுத்துரைப்போடு நேரடித் தொடர்புடையவை. பேசுபவர் யார் என்பது கூற்று. யாரை நோக்கிப் பேசப்படுகிறது என்பது கேட்போர். இவ்விடத்தில் இம்மொழி இன்னார் இன்னாருக்குக் கூறத் தக்கது என உணரவைப்பது முன்னம். சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்ளுமாறு விடப்படுவது எச்சம்.

இவ்வுறுப்புகள் செய்யுளுக்கு வகுக்கப்பட்டவை. உரைநடைப் புனைகதைக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. அகப்பாடல்களில் கூற்றுக்குரியோர் மரபால் வரையறுக்கப்பட்டவர்கள். பாடலின் அடியில் அமைந்த துறைக்குறிப்பும் கூற்றையும் கேட்போரையும் சுட்டிவிடுகிறது. சிறுகதைக்கு இத்தகைய குறிப்பு இல்லை. ஆகவே வாசகர் கதைக்குள்ளிருந்தே முன்னத்தால் அதனை உய்த்துணர வேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால் இவ்வுறுப்புகள் பயனுள்ள கருவிகளாகும்.

மேலைத் திறனாய்விலும் இவற்றுக்கு இணையான சிந்தனைகள் உள்ளன. வெய்ன் பூத் 1961இல் வெளியிட்ட புனைகதையின் உரைத்திறன் பற்றிய நூலில், நம்பத்தக்க கதைசொல்லியையும் நம்பத்தகாத கதைசொல்லியையும் வேறுபடுத்தினார். ஜெரார் ஜெனெத் 1972இல், பேசுபவர் யார், காண்பவர் யார் என்னும் இரு வினாக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டினார். அகப்பாடலில் தலைவி கூற்றைப் புலவரின் சொந்த வாக்குமூலமாக எவரும் கொள்வதில்லை. இத்தெளிவு நம் மரபில் நெடுங்காலமாக இருந்தும், சிறுகதைக்கு வரும்போது அது கைவிடப்படுவது வியப்புக்குரியது.

பொன்னகரம்: கேட்போரை நோக்கிய கூற்று

'பொன்னகரம்' 1934இல் மணிக்கொடியில் வெளிவந்தது. ஆலைத் தொழிலாளியான அம்மாளு, விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஜட்கா வண்டிக்காரனாகிய கணவன் முருகேசனுக்குக் கஞ்சி காய்ச்சக் காசின்றித் தவிக்கிறாள். இரவில் ஒரு சந்தின் இருளில் அவள் அக்காசைப் பெறுகிறாள். கதை, கற்பு பற்றிப் பேசுவோரை நோக்கிய கதைசொல்லியின் கூற்றோடு முடிகிறது.

இக்கதையைக் கற்பு பற்றிய ஆசிரியரின் தீர்ப்பாகக் கொண்டு உடன்பட்டும் மறுத்தும் வாதிடுவதுண்டு. கூற்றையும் கேட்போரையும் கவனித்தால் வேறொன்று புலப்படும். கதைசொல்லி தொடக்கம் முதலே வாசகரை முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். அவர் எதிரில் நிறுத்தும் கேட்போர் பொன்னகரத்தில் வாழாதவர். அதனை வெளியிலிருந்து காண்பவர். ஒழுக்கம் பற்றிய சொற்களைத் தடையின்றிக் கையாள்பவர். இறுதிக் கூற்று அம்மாளுவைப் பற்றிய தீர்ப்பு அன்று. தீர்ப்பு வழங்கும் உரிமை தமக்கு உண்டு எனக் கருதும் கேட்போரைப் பற்றியது.

சந்தின் இருளில் நிகழ்ந்தது கூறப்படவில்லை. அப்போது அம்மாளுவின் மனத்தில் எழுந்தது என்ன என்பதும் கூறப்படவில்லை. முக்கால் ரூபாய் என்னும் தொகை மட்டும் துல்லியமாகச் சொல்லப்படுகிறது. மனம் எச்சமாகவும் தொகை வெளிப்படையாகவும் அமைந்ததே கதையின் ஆற்றல். கதைசொல்லி அவள் மனத்துள் புகுந்து அவளது துயரத்தை விரித்திருப்பின், கேட்போர் இரக்கம் காட்டி விலகிச்செல்ல வழி கிடைத்திருக்கும். எச்சம் அவ்வழியை அடைத்துவிடுகிறது.

செல்லம்மாள்: கதைப்பின்னலும் காண்பவர் இடமும்

1943இல் வெளிவந்த 'செல்லம்மாள்', செல்லம்மாளின் உயிர் அடங்கிய கணத்தில் தொடங்குகிறது. உறவினர்களிடமிருந்து நெடுந்தொலைவில், சென்னையில், துணிக்கடைச் சிப்பந்தியாகிய பிரமநாயகம் பிள்ளை மனைவியின் உடலோடு தனித்திருக்கிறார். அதன்பின் கதை முந்தைய நாள்களுக்குச் செல்கிறது.

இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் இடையே வகுத்த வேறுபாடு இங்கு நினைவுகூரத் தக்கது. காலவரிசையில் அமைவது கதை; காரண காரியத் தொடர்பில் அமைவது கதைப்பின்னல். இறப்பு முதலிலேயே கூறப்பட்டதால், அவள் பிழைப்பாளா என்ற வினா வாசகருக்கு எழுவதில்லை. அவ்விடத்தில், அவர் அவளை எவ்வாறு பேணினார் என்ற வினா வந்து அமர்கிறது. பொங்கலுக்கெனக் கடையிலிருந்து புடவைகளை எடுத்து வந்து காட்டுதல், நோயின் மயக்கத்தில் அவள் பேசுவனவற்றைக் கேட்டிருத்தல் போன்ற சிறு செயல்கள், முடிவை முன்பே அறிந்த வாசகருக்குப் பேரெடை கொள்கின்றன.

இங்குப் பேசுபவர் படர்க்கைக் கதைசொல்லி. ஆனால் காண்பவர் பெரும்பாலும் பிரமநாயகம் பிள்ளை. செல்லம்மாளின் நோயை நாம் அவளுக்குள்ளிருந்து அறிவதில்லை. அருகிலிருப்பவரின் கண்கொண்டே அறிகிறோம். படர்க்கைக் கூற்று என்ற ஒற்றைப் பெயர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். கணவரின் மனத்தில் இருப்பது துயரமா, நெடுநாள் சுமை இறங்கிய அமைதியா என்பது முற்றாக அறுதியிடப்படவில்லை. இரண்டும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதை ஏற்கும் இடத்திற்கு எச்சம் வாசகரைக் கொண்டுசேர்க்கிறது. பாத்திரப் படைப்பு என்ற தலைப்பில் அவரை அன்புள்ள கணவர் எனக் குறித்தால் இந்த இருமை தொலைந்துபோகும்.

காஞ்சனை: ஐயத்திற்குரிய தன்மைக் கூற்று

'காஞ்சனை'யும் 1943இல் வெளிவந்ததே. கதைசொல்லி ஓர் எழுத்தாளர். இரவில் தோன்றும் விளங்காத வாசனை, பிச்சை கேட்டு வந்து மனைவியால் வேலைக்கு அமர்த்தப்படும் பெண், அவளைப் பற்றிய அச்சம் எனக் கதை வளர்கிறது. கதை கட்டுவதே தம் தொழில் என்று கூறிக்கொள்பவர்தாம் இவ்வனுபவத்திற்குச் சான்றும் ஆகிறார். அவருடைய சொல்லைச் சரிபார்க்க வேறு பார்வை வாசகருக்குத் தரப்படவில்லை.

கதைசொல்லி எழுத்தாளராக இருப்பதால் அவரைப் புதுமைப்பித்தன் எனக் கொள்ளுதல் எளிது. அவ்வாறு கொண்டால், ஆசிரியர் பேயை நம்பினாரா என்ற வினாவே எஞ்சும். கூற்றுக்குரியவரை ஒரு பாத்திரமாகக் கொண்டால், பகுத்தறிவில் நம்பிக்கை கொண்ட ஒரு மனம் தன் அச்சத்தை எவ்வாறு எதிர்கொள்கிறது என்ற வினா எழும். கதை இறுதிவரை விடையளிக்காதிருப்பது குறைபாடு அன்று. தன்மைக் கூற்றின் அறிவெல்லையை மீறாதிருக்கும் ஒழுங்கே அது.

ஒப்பீட்டில் பெறப்படுவன

மூன்று கதைகளிலும் எச்சம் உண்டு; அது விழும் இடம் வேறுபடுகிறது. 'பொன்னகர'த்தில் பெண்ணின் மனம் எச்சமாகிறது. 'செல்லம்மாளி'ல் கணவரின் உணர்வு எச்சமாகிறது. 'காஞ்சனை'யில் நிகழ்வின் உண்மையே எச்சமாகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம், கதைசொல்லி எங்கு நிற்கிறார், எவ்வளவு அறிகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதே. கதைப்பின்னலின் வரிசை, பாத்திரத்தின் ஆழம், நடையின் தொனி ஆகியன இதிலிருந்து கிளைக்கின்றன.

முடிவுரை

புனைகதைக் கூறுகளைப் பட்டியலிடுதல் ஆய்வின் தொடக்கமாகலாம், முடிவாகாது. கதைசொல்லியின் இடத்தை முதலில் வரையறுத்து, அதனால் ஏனைய கூறுகள் பெறும் வடிவத்தை அடுத்து நோக்குதல் பொருத்தமான நெறியாகும். அகமரபில் பயின்ற கண்ணுக்குக் கூற்றும் கேட்போரும் புதியன அல்ல. அக்கண்ணையே சிறுகதையின் மீதும் செலுத்தினால், கதைசொல்லியின் குரலில் ஆசிரியரின் தீர்ப்பைத் தேடும் பழக்கம் நீங்கும். மௌனி, கு.ப.ரா. ஆகியோரின் கதைகளை இவ்வழியில் ஆராய்ந்தால், மணிக்கொடிக் காலச் சிறுகதையின் எடுத்துரைப்பு முறைகளை மேலும் தெளிவாக வகைப்படுத்த இயலும்.